பழனிக்குப் போன பெட்டி

தலைகுந்தாவில் அன்று குழாயைத் திறந்தால்
தண்ணீர் வரவில்லை.
ஒரு கண்ணாடிக் குச்சி வந்தது.
ரெஜினா அதை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்து
"எல்லாரும் லீவு எழுதுங்க" என்றாள்.

நான்கு பேர். ஒரே கூட்டுறவு வங்கி.
மூன்று குளிர்காலம் ஒரே ஹீட்டரில் கால் காட்டியவர்கள்.
சென்னியப்பனுக்கு மூலனூர்ப் பக்கம்
ஆறு ஏக்கர் மேட்டுக்காடு, ஓட்டுச் சாளை,
கயிற்றுக்கட்டில் இரண்டு.
"வேற ஒண்ணுமில்லீங், வெயிலு இருக்குது. போதுங்களா?"
போதும் என்றோம்.
கறியும் வேண்டும் என்றோம்.

மஞ்சளும் மிளகும் பிசறிய இரண்டு கிலோ ஆட்டுக்கறி.
மீன்காரரிடம் இரவல் வாங்கிய தெர்மோகோல் பெட்டி.
மலை இறங்கும்வரை ஹால்தொரை அதை மடியில் வைத்திருந்தான்,
திருப்பூரில் பஸ் மாறியபின்
கால் மரத்து, சீட்டுக்கடியில் தள்ளினான்.

தாராபுரத்தில் இறங்கி, டீ குடித்து,
மூலனூர் பஸ்ஸில் ஜன்னல் பிடித்து உட்கார்ந்தபின்தான்
தன் மடியைக் குனிந்து பார்த்தான்.

அந்தப் பஸ் பழனிக்குப் போகிற பஸ்.
மார்கழி.
பச்சை வேட்டிகள், துளசிமணிகள், விரதக் கால்கள்,
நடுவே எங்கள் கறி
டிக்கெட் இல்லாமல்
யாத்திரை போய்க்கொண்டிருந்தது.

டைம் ஆபீஸில் நம்பர் வாங்கிக் கூப்பிட்டோம்.
"பெட்டிக்குள்ளார என்னங்?" என்றார் கண்டக்டர்.
ரெஜினா போனைப் பிடுங்கி
"மருந்துங்க" என்றாள்.

சாளையில் இருட்டு, பசி,
டப்பாவில் பழைய கொள்ளு, அரிசி, துவரம்பருப்பு.
செல்போன் வெளிச்சத்தில் வேலியோரம் மொச்சை பறித்தோம்.
பனி இல்லாத இருட்டு,
விரல் விறைக்காமல் காம்பைத் தேடும் இருட்டு,
எங்களுக்கு அது புதிது.
தோல் பிதுக்கப் பிதுக்கப் பருப்பு வழுக்கி
ஒன்று சென்னியப்பன் காதில் போய் அடித்தது.
சின்ன வெங்காயம், தேங்காயெண்ணெய், அரிசிம்பருப்பு,
மேலே மொச்சைக்குழம்பு.
யாரும் பேசவில்லை.
"எங்கூர்ல இதுக்குக் கிழங்கு போடுவோம்"
என்று ஹால்தொரை மட்டும்
மூன்றாம் முறை தட்டை நீட்டியபடி சொன்னான்.

மறுநாள் பத்து மணி வெயிலில்
நாலு ஸ்வெட்டரும் கிளுவை வேலியில் தொங்கின.
முருங்கைக்காய் விலை கேட்டு மூச்சடைத்துக்
கீரையோடு நிறுத்திக்கொண்டோம்.
பக்கத்துக் காட்டு மயிலாத்தாள்
ஸ்கூட்டரில் மாவும் சந்தகை அச்சும் கொண்டு வந்தாள்.
"ஆறுனா இறங்காதுங், சீக்கிரம் அமுத்துங்க."
வங்கியே அந்தப் பிடியில் தொங்கியது.
சூடான நூல் நூலாய் விழுந்ததன்மேல்
தேங்காய்ப்பால், வெல்லம்.
கட்டிலில் சாய்ந்து
வயிற்றில் வெயில் வாங்கிக்கொண்டே தூங்கிப்போனேன்.

கறி என்ற சொல்
மூன்றாம் நாள் தாராபுரத்தில்தான் திரும்ப வந்தது.
கண்டக்டர் பெட்டியைக் கை நீட்டி, முகத்தைத் திருப்பி,
"உங்க மருந்து
கெட்டுப்போச்சுங்" என்றார்.

நான் மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
ஞாயிறு கடை வரிசையில் இப்போதும் நிற்கிறேன்,
ஒரு கிலோ கேட்ட வாய் கால் கிலோ கேட்கிறது,
கடைக்காரர் உடம்புக்கு என்ன என்கிறார்.
மற்ற ஆறு நாளும் கொள்ளு, கீரை, தட்டைப்பயறு.
ரெஜினா கிறிஸ்துமஸுக்கு மொச்சைப் பிரியாணி போட்டாள்,
மாமியார் புத்தாண்டுவரை பேசவில்லை,
ஆனால் பாத்திரம் காலியாம்.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
திரும்பி மலை ஏறும்போது, பர்லியாறு தாண்டி
ஜன்னலில் குளிர் கசியத் தொடங்கிய இடத்தில்
திரும்பிப் பார்த்தேன்.
ஹால்தொரை மடியில் துணிப்பை,
பைக்குள் ஒரு படி மொச்சை.
கால் மரத்துவிட்டது என்றான்.
கீழே வையேன் என்றேன்.
வைக்கவில்லை.